வேலையை விடாமல் டாக்டர் பட்டம்: இங்கிலாந்தின் இணையவழி எட்.டி. எனக்கு எப்படி இருந்தது

பாளையங்கோட்டையில் சுயநிதிக் கல்லூரி ஒன்றில் ஆங்கிலம் நடத்தும் என் சித்தி மகள் போன மாதம் போன் செய்து, "அக்கா, நீ முடிச்ச அந்த ஆன்லைன் டாக்டரேட்ல நானும் சேரட்டுமா?" என்று கேட்டாள். சேராதே என்றேன். இரண்டு நாள் கழித்து, இங்கே மஸ்கட்டில் என்னோடு ஃபவுண்டேஷன் வகுப்புகள் (பட்டப்படிப்புக்கு முந்தைய ஆங்கில வகுப்புகள்) எடுக்கும் தோழி அதையே கேட்டார். உடனே விண்ணப்பம் போடுங்கள் என்றேன். பக்கத்திலிருந்த வீட்டுக்காரர், ஒரே கடைக்கு இரண்டு விலையா என்று சிரித்தார். இரண்டு பதிலும் சரிதான்.

நான் படித்தது இங்கிலாந்துப் பல்கலைக்கழகம் ஒன்றின் எட்.டி. (டாக்டர் ஆஃப் எஜுகேஷன்), டெசால் பிரிவு. அதாவது ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்களுக்கு ஆங்கிலம் கற்பிப்பது பற்றிய டாக்டர் பட்டம். குறையும் சொல்லப்போகிறேன், அதனால் பல்கலைக்கழகத்தின் பெயர் வேண்டாம். 2020 அக்டோபரில் சேர்ந்தேன், 2025 கோடையில் வைவா, அதாவது ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வு, முடிந்தது. ஏதோ கோவிட் காலத்தில் முளைத்த படிப்பு என்று நினைத்துவிடாதீர்கள், பிரிட்டனில் பிரிஸ்டல் பல்கலைக்கழகம் எட்.டி.யை 1992லேயே தொடங்கிவிட்டது, அமெரிக்காவில் ஹார்வர்டு அதற்கும் எழுபது வருடம் முந்தி. இங்கிலாந்தின் தகுதி அடுக்கில் பிஎச்.டி.யும் இதுவும் ஒரே எட்டாம் நிலைதான். முதல் இரண்டு வருடம் வகுப்பும் அசைன்மென்டும், எனக்கு மொத்தம் நான்கு, ஒவ்வொன்றும் 6,000 சொல். அதற்கப்புறம் 50,000 சொல்லில் தீசிஸ். பிஎச்.டி. என்றால் பெரும்பாலும் 80,000 வரை போகும். சின்னது என்று சந்தோஷப்பட்டுச் சேர்ந்தேன், அந்தச் சந்தோஷம் முதல் அசைன்மென்ட் வரைக்கும்தான்.

வகுப்பு சனிக்கிழமை, அவர்கள் நேரம் காலை பத்து, மஸ்கட்டில் பிற்பகல் இரண்டு. ஓமானில் வாரவிடுமுறை வெள்ளியும் சனியும், ஞாயிறு காலை வேலை. ஆக ஒரு வார ஓய்வில் பாதி போச்சு. மார்ச் கடைசியில் அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது எனக்குத் தெரியாமல், சாப்பிட்டுவிட்டுச் சாவகாசமாக இரண்டு மணிக்கு உள்ளே நுழைந்தால் வகுப்பு பாதி முடிந்திருந்தது. ஆசிரியர்கள் எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். பதினாலு வருடம் வாத்தியாராக இருந்தும் எனக்கு வாயிலிருந்து வரவில்லை, முதல் வருடம் முழுக்க யாரையும் கூப்பிடாமலேயே பேசிச் சமாளித்தேன்.

சரி, உள்ளே என்னதான் கிடைத்தது? எனக்கு ஒரு கேள்வி ரொம்ப நாளாக இருந்தது. மாணவர்களின் கட்டுரையில் நான் உட்கார்ந்து உட்கார்ந்து சிவப்பு மையில் திருத்துகிறேன், அவர்கள் மார்க்கை மட்டும் பார்த்துவிட்டுத் தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிடுகிறார்கள், அடுத்த கட்டுரையில் அதே பிழை அதே இடத்தில் வருகிறது. இதை எழுதிக்கொடுத்தபோது முதலில் படிக்கச் சொன்னது 1996இல் ஜான் ட்ரஸ்காட் எழுதிய கட்டுரை. எழுத்து வகுப்பில் இலக்கணத் திருத்தம் பயன் தருவதில்லை, கெடுதலும் செய்கிறது, அதை விட்டுவிடுங்கள் என்கிறார் மனிதர், ஒளிவுமறைவே இல்லாமல். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை, மறுநாள் திருத்த வேண்டிய 40 தாள் மேசையில் கிடந்தது. 1999இல் டானா ஃபெரிஸ் அதற்கு எழுதிய மறுப்பைப் படித்த பிறகுதான் கொஞ்சம் மூச்சு வந்தது. எல்லாத் திருத்தத்தையும் ஒரே கூடையில் போட முடியாது, எதை எப்படித் திருத்துகிறோம் என்பதைப் பொறுத்தது என்பது அவர் பக்கம். இந்தச் சண்டையை யாரும் எனக்கு எம்.ஏ.யில் சொல்லவில்லை, பி.எட்.டில் சொல்லவில்லை. நானும் எத்தனையோ பிள்ளைகளின் தாளைச் சிவப்பாக்கி விட்டேன்.

இன்னொன்று, நம் ஆட்கள் இந்தத் துறையில் எவ்வளவு பெரியவர்கள் என்று ஒரு வெளிநாட்டுப் படிப்புதான் எனக்குச் சொல்ல வேண்டியிருந்தது. செயல்பாடுகள் வழியே மொழி கற்பிப்பது பற்றி உலகம் இன்றும் மேற்கோள் காட்டும் என்.எஸ். பிரபுவின் திட்டம் 1979 முதல் 1984 வரை நடந்தது பெங்களூர், சென்னைப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில். யாழ்ப்பாணத்தில் வகுப்பெடுத்த சுரேஷ் கனகராஜா, அமெரிக்கப் பாடப்புத்தகத்தின் ஓரங்களில் மாணவர்கள் கிறுக்கி வைத்ததையே ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டார். பாடத்துக்குத் தலையாட்டிக்கொண்டே அந்தப் பிள்ளைகள் ஓரத்தில் என்ன பதில் சொன்னார்கள் என்று பார்த்தார். அதைப் படித்ததிலிருந்து என் ஓமானிப் பிள்ளைகளின் நோட்டுப் புத்தக ஓரங்களை நான் பார்க்காமல் விடுவதில்லை.

ரொம்பப் படுத்தியது எதிக்ஸ் அனுமதி, அதாவது ஆய்வு நெறிகளுக்கு உட்பட்டது என்று பல்கலைக்கழகம் தரும் ஒப்புதல். என் வகுப்புப் பிள்ளைகளையே ஆய்வுக்கு எடுத்துக்கொள்கிறேன் என்று எழுதினேன். வேறு யாரை எடுப்பது, தன் வேலையை ஆராய்வதுதானே இந்தப் பட்டமே? விண்ணப்பம் திரும்பி வந்தது. மார்க் போடுகிறவர் வந்து, 'விருப்பமிருந்தால் கலந்துகொள்ளுங்கள்' என்றால் எந்தப் பிள்ளை மாட்டேன் என்று சொல்லும்? நியாயமான கேள்வி, எனக்குத்தான் தோன்றவே இல்லை. மூன்று முறை திருத்தினேன். கடைசியில், சம்மதப் படிவத்தை வேறு ஆசிரியர் வாங்கி உறையில் ஒட்டி வைத்துக்கொள்வார், செமஸ்டர் மார்க் வெளிவந்த பிறகுதான் யார் சம்மதித்தார்கள் என்பதே எனக்குத் தெரியும் என்று ஏற்பாடு செய்தோம். படிவத்தின் அரபி மொழிபெயர்ப்பும் கொடுக்கச் சொன்னார்கள். இதற்கே ஐந்து மாதம். திட்டிக்கொண்டேதான் செய்தேன், ஆனால் இந்த ஐந்து வருடத்தில் என் வகுப்பறைக்குள் நேராக வந்து உட்கார்ந்த பாடம் இதுதான். இப்போதெல்லாம் வகுப்பில் "யாருக்காவது ஆட்சேபம் உண்டா?" என்று கேட்டால், யாரும் கை தூக்காததை நான் சம்மதமாக எடுத்துக்கொள்வதில்லை.

18 பேர் சம்மதித்திருந்தார்கள். எழுத்தில் திருத்துவதோடு, கட்டுரையைப் பற்றி ஒன்றரை நிமிடம் பேசி வாட்ஸப்பில் குரல்பதிவு அனுப்பிய தாள்களை அவர்கள் எப்படித் திருப்பி எழுதினார்கள் என்று பார்த்தேன். சிலர் மூன்று நான்கு தடவை கேட்டிருக்கிறார்கள், ஒரு பையன் தன் அம்மாவுக்குப் போட்டுக் காட்டியிருக்கிறான். இலக்கணப் பிழை பெரிதாகக் குறைந்தது என்று சொல்ல மாட்டேன், அந்தப் பொய்யை வைவாவிலும் சொல்லவில்லை. ஆனால் பத்திகளை மாற்றி அடுக்கினார்கள், விட்டுப்போனதைச் சேர்த்தார்கள்.

இனி குறை. ஆண்டுக் கட்டணம் 6,200 பவுண்டு, நான்கு வருடம். ஐந்தாம் வருடம் எழுதி முடிக்க 'நீட்டிப்புக் கட்டணம்' என்று இன்னொரு 1,500. இந்தக் கடைசி வரி அவர்கள் தளத்தில் எங்கேயோ மூலையில் இருந்தது, சேரும்போது யாரும் வாய்திறக்கவில்லை. மொத்தம் 26,000 பவுண்டுக்கு மேல், சுமார் 13,000 ரியால். ஓமான் ரியால் டாலரோடு கட்டப்பட்டது என்பதால் ஒருமுறை மட்டும் எனக்கு அதிர்ஷ்டம் அடித்தது. 2022 செப்டம்பரில் லண்டனில் ஒரு பட்ஜெட் போட்டு பவுண்டு வரலாறு காணாமல் விழுந்ததே, அந்த வாரம்தான் மூன்றாம் வருடக் கட்டணம் கட்டினேன். இங்கிலாந்து அழுதது, நான் பிரியாணி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

ஆய்வுக்கு வழிகாட்டும் சூப்பர்வைசர் விஷயம் காசைவிட மோசம். மூன்றாம் வருடம் நடுவில் என்னுடையவர் வேறு பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார், அடுத்தவர் வர நான்கு மாதம். அந்த நான்கு மாதத்துக்கும் கட்டணம் முழுசாகப் போனது, கேட்டால் 'புரிந்துகொள்கிறோம்' என்று அழகான பதில். புதியவர் நல்லவர், ஆனால் ஓர் அத்தியாயத்துக்குக் கருத்து வர ஆறு வாரம் ஆகும். வந்ததைப் படிக்கவும் தனிப் பயிற்சி வேண்டும். 'இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாமோ' என்று ஓரத்தில் இருந்தால், அடித்துவிட்டு மறுபடி எழுது என்று அர்த்தம். 'சுவாரஸ்யமாக இருக்கிறது' என்றால் அதைவிட ஆபத்து. நூலகம் நன்றாகவே இருந்தது, ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் திறக்கக்கூடிய மின்னூல்கள் தவிர, அந்த ஒருவர் எப்போதும் வேறு யாரோ. மேற்கோள்களைச் சேர்த்துவைக்க ஜொடெரோ என்ற மென்பொருள் போதும், இலவசம், காசு கொடுத்து எதையும் வாங்காதீர்கள். 11 பேர் சேர்ந்தோம், இதுவரை முடித்தவர்கள் 6 பேர். ஜப்பானிலிருந்து படித்த தோழி மட்டும் இல்லையென்றால் நான் நான்காம் வருடமே விட்டிருப்பேன், அந்த உதவிக்குக் கட்டண ரசீது கிடையாது.

சித்தி மகளுக்கு ஏன் வேண்டாம் என்றேன் என்றால், அவளுக்கு வேண்டியது தமிழ்நாட்டில் உதவிப் பேராசிரியர் வேலை. இணையவழியிலோ தொலைநிலையிலோ பிஎச்.டி. நடத்த பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2020 விதிகள் இடம் தருவதில்லை. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து எட்டெக் (இணையவழிக் கல்வி) நிறுவனங்கள் விற்கும் ஆன்லைன் பிஎச்.டி.யை நம்பாதீர்கள் என்று 2022 அக்டோபரில் யுஜிசியும் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏஐசிடிஇயும் சேர்ந்தே எச்சரித்தன. என்னுடையது அப்படி விற்கப்பட்டதல்ல, பல்கலைக்கழகமே நேரடியாக நடத்துவது, இருந்தாலும் நேர்முகத் தேர்வில் உட்கார்ந்திருப்பவரிடம் அந்த வித்தியாசத்தை விளக்கிக்கொண்டிருக்க அவளுக்கு எதற்குத் தலையெழுத்து? நெட் தகுதித் தேர்வு எழுது, இல்லையென்றால் மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் பகுதிநேர பிஎச்.டி.க்குப் பார் என்றேன். தோழிக்கு வேலை ஏற்கெனவே இருக்கிறது, பன்னிரண்டு வருட வகுப்பு அனுபவம் இருக்கிறது, முக்கியமாக அவரை அரிக்கும் கேள்வி ஒன்று இருக்கிறது: பேச்சுத் தேர்வில் வாயே திறக்காத பெண்பிள்ளைகள் இடைவேளையில் எப்படி ஆங்கிலத்திலேயே சண்டை போடுகிறார்கள் என்று. அந்தக் கேள்விக்காக 13,000 ரியால் கொடுக்கலாம். பதவி உயர்வுக்காக என்றால் கொடுக்காதீர்கள், எனக்கு வாசல் பெயர்ப்பலகை மாறியது, சம்பளம் மாறவில்லை.

சேருவதாக இருந்தால், வேலை பார்க்கும் நாட்டின் உயர்கல்வி அமைச்சகம் இணையவழிப் பட்டத்தை ஏற்குமா என்று முதலில் எழுத்தில் வாங்கிவிடுங்கள். அப்புறம் பல்கலைக்கழகத்துக்கு எழுதும் முதல் மின்னஞ்சலிலேயே மூன்றைக் கேளுங்கள்: நீட்டிப்புக் கட்டணம் எவ்வளவு, சூப்பர்வைசர் போய்விட்டால் அடுத்தவர் எத்தனை நாளில் வருவார், ஓர் அத்தியாயத்துக்குக் கருத்து எத்தனை நாளில் வரும். அந்த மின்னஞ்சலுக்குப் பதில் வர எத்தனை நாள் ஆகிறது என்பதையும் காலண்டரில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.