இரட்டை நிறப் பந்து: பதினெட்டு மாதம் வீசிப் பார்த்த பிறகு

தேவகோட்டையிலிருந்து தம்பி ஒருவன் நேற்று இரவு கேட்டான்: "அண்ணே, நீங்க வச்சிருக்கிற அந்தச் சிவப்பு வெள்ளைப் பந்து இப்ப 400 ரூபாய்க்கு வந்துருச்சு, வாங்கலாமா?" பாதி சிவப்பும் பாதி வெள்ளையுமான கிரிக்கெட் பயிற்சிப் பந்து அது, வீசும்போது தையல் நேராகப் போகிறதா தள்ளாடுகிறதா என்று நிறத்தை வைத்தே பார்த்துவிடலாம். நான் 650 கொடுத்து வாங்கியது. அவன் கேட்ட அன்று சாயங்காலம்தான் அதே பந்தின் தையல் விட்டுப்போய், காரைக்குடி பஸ் ஸ்டாண்டு பக்கம் செருப்பு தைப்பவரிடம் கொடுத்துத் தைத்து வாங்கி வந்திருந்தேன். அந்தச் சூட்டோடு எழுதுகிறேன், அதையும் கணக்கில் வைத்துப் படியுங்கள்.

முதலில் என் கோபம். பந்தில் ஒரு பாதி வெள்ளை. நாங்கள் ஆடுவது கண்மாய்க் கரையை ஒட்டிய பொட்டலில், செம்மண்ணும் சரளையும் கலந்த தரை, நடுவில் தேங்காய் நார் மேட் விரித்து ஆணி அடிப்போம். அந்த விரிப்பைத் தாண்டிப் பந்து இரண்டு தடவை உருண்டால் போதும், வெள்ளை பழுப்பாகும். மூன்று ஓவரில் செங்கல் நிறம். நிறம் தெரிவதற்காகவே காசு கொடுத்து வாங்கிய பந்தில் இரண்டு பக்கமும் ஒரே நிறமாகிவிட்டால் அப்புறம் அது எதற்கு? ஈரத்துணியால் துடைத்தேன், தோல் ஊறி உப்பிக்கொண்டது. பள்ளிக்கூடக் கேன்வாஸ் ஷூவுக்குப் போடும் வெள்ளையைப் பூசிப் பார்த்தேன், அது விரலில் ஒட்டிக்கொண்டு பிடியே வழுக்கியது. பதினெட்டு மாதமாக இந்த ஒரு விஷயத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். நம் ஊர் மண்ணில் யாராவது ஒருவர் பத்து நாள் வீசிப் பார்த்துவிட்டு விற்றிருந்தால் அந்த வெள்ளைக்கு மேல் இன்னும் கெட்டியாக ஒரு பூச்சு கொடுத்திருப்பார்கள்.

சரி, இனி நியாயமாகச் சொல்ல வேண்டியது.

எட்டு வருஷமாக நான் வீசுவது அவுட்ஸ்விங், அதாவது மட்டைக்காரரை விட்டு வெளியே விலகிப் போகும் பந்து என்று நம்பிக்கொண்டிருந்தேன். சீமை, அதாவது பந்தின் நடுவே ஓடும் தையலை, நிமிர்த்தி, லேசாகக் கீப்பருக்குப் பக்கத்தில் நிற்கும் ஸ்லிப் பக்கம் சாய்த்து, ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சீமின் இரண்டு பக்கமும் வைத்துத்தான் பிடிப்பேன், பிடியில் குறை சொல்ல யாருமில்லை. இந்தப் பந்து வந்த முதல் நாள் சித்தப்பா மகன் கீப்பர் இடத்தில் நின்றான். நான்கு பந்து வீசினேன். "அண்ணே, கலங்குது" என்றான். நம் வேகப்பந்து வீச்சாளர் முகமது ஷமி வீசுவதை மெதுவாக ஓட்டிக் காட்டும்போது சீம் கோடு போட்டது மாதிரி நிற்கும் இல்லையா, அப்படிச் சீம் நேராகச் சுழன்று வந்தால் இந்தப் பந்தில் ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் வெள்ளை என்று தனித்தனியாகத் தெரியும். தள்ளாடி வந்தால் இரண்டும் கலந்து ரோஸ் கலரில் மினுமினுக்கும். என்னுடையது நான்கும் ரோஸ். சாதாரணச் சிவப்புப் பந்தில் இத்தனை வருஷம் யார் கண்ணுக்கும் இது தெரியவில்லை, எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை.

போனில் ஸ்லோமோஷன் எடுத்துப் பார்த்தபோதுதான் காரணம் பிடிபட்டது. என் கட்டைவிரல் பந்துக்கு அடியில், சீமின் மேல் இல்லாமல் வெள்ளைப் பக்கம் ஒரு விரற்கடை தள்ளி இருந்தது. கையை விடும்போது அது பக்கவாட்டில் ஒரு இடி கொடுக்கிறது, அப்புறம் ஆள்காட்டி விரல் மட்டும் கடைசியாகத் தடவிவிட்டு விலகுகிறது. இரண்டு விரலும் சேர்ந்து சீமைக் கீழ்நோக்கி இழுத்து விட்டால்தான் பந்து பின்பக்கமாகச் சுழலும், அந்தச் சுழற்சி இருந்தால்தான் சீம் சாயாமல் நிற்கும், பம்பரம் வேகமாகச் சுற்றும்போது நிற்கிற மாதிரி. கட்டைவிரலை நடுவுக்குக் கொண்டுவந்து, மணிக்கட்டைப் பந்துக்குப் பின்னால் வைத்துப் பழக எனக்கு இரண்டரை மாதம் பிடித்தது.

அந்தப் பழக்கம் வந்தது பொட்டலில் இல்லை, வீட்டில். எங்கள் வீடு பள்ளத்தூரில், பங்காளிகள் எல்லோருக்கும் பொது, இப்போது இருப்பது அப்பத்தாவும் நாங்களும்தான். முகப்பில் நின்றால் கடைசிக் கட்டு வாசல் வரை நேராகத் தெரியும். வளவுத் தாழ்வாரத்தில், அதாவது உள்முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில், ஒரு பக்கம் நின்று, மறுகோடியில் இரண்டு தூணுக்கு நடுவே கயிறு கட்டிப் பழைய ஜமுக்காளத்தைத் தொங்கவிட்டு, ஓடாமல், நின்ற இடத்திலிருந்தே தோளையும் மணிக்கட்டையும் மட்டும் வைத்து வீசுவேன். தரையில் பிட்ச் ஆகக் கூடாது, ஆத்தங்குடிக் கல் கீறினால் அப்பத்தா சாப்பாடு போடாது. காலையில் அறுபது பந்து. வெயில் சாய்வாக விழும் நேரத்தில் அந்தச் சிவப்பும் வெள்ளையும் கோடு பிரிந்து போய் ஜமுக்காளத்தில் தொப்பென்று விழுவதைப் பார்க்க இருக்கிற சந்தோஷம் எனக்கு விக்கெட் எடுத்தால்கூட வந்ததில்லை. இந்த வேலைக்கு இதைவிட நல்ல வாத்தியார் கிடையாது. சீம் தவறினால் அடுத்த நொடியே சொல்லிவிடும்.

இன்னொரு குறையும் உண்டு. மளிகைக்கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன், 148 கிராம். மேட்ச் பந்து 155.9-லிருந்து 163 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. நான்கு மாதம் இதிலேயே பழகிவிட்டு மேட்ச் பந்தை எடுத்தால் கை கனத்து, முதல் ஓவரில் எல்லாமே ஷார்ட்டாக, மட்டைக்காரருக்கு எட்டாமல் முன்னாலேயே விழுந்தது. இப்போது மேட்சுக்கு முன் நான்கு நாள் சாதாரண ஸ்டிட்ச் பந்தில், அதாவது தோல் தைத்த ஒரே நிறப் பந்தில், வீசிவிட்டுத்தான் போகிறேன். போன மாதம் கானாடுகாத்தான் பக்கம் ஆடிய ஆட்டத்தில் இரண்டு பேர் கீப்பர் கேட்ச், இரண்டுமே மட்டையின் வெளிவிளிம்பு, இரண்டிலும் பந்து கடைசியில்தான் விலகியது. எட்டு வருஷத்தில் எனக்கு அப்படி விழுந்ததில்லை.

அப்புறம் தையல். பதினைந்தாவது மாதத்திலேயே ஒரு நூல் எழும்பியது, நேற்று ஒரு விரல் நீளத்துக்கு வாய் பிளந்துவிட்டது. விற்றவரைக் கூப்பிட்டால் பயிற்சிப் பந்துக்கு உத்தரவாதம் கிடையாது என்று வைத்துவிட்டார். செருப்புத் தைப்பவர் பாவம், மெழுகு நூல் போட்டு அழகாகத்தான் தைத்தார், நாற்பது ரூபாய்தான் வாங்கினார், ஆனால் அந்த இடத்தில் சீம் மேடாகிவிட்டது. இன்று காலை அந்த மேடு நடுவிரலுக்குக் கீழே வந்தபோதெல்லாம் பந்து மறுபடி ரோஸ். என் கை தவறியதா, தையலா என்று பிரித்துப் பார்க்கவே முடியவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பொய் சொல்லாத ஒரே சாமான் என்று இதைத்தான் நம்பியிருந்தேன்.

ஆகவே தம்பி, வாங்காதே. 400 ரூபாய் என்றாலும் வாங்காதே. வெள்ளை நிற்காது, எடை குறைவு, தையலுக்கு ஆயுசு இல்லை. நல்ல ஸ்டிட்ச் பந்து ஒன்று வாங்கி, கட்டைவிரல் எங்கே இருக்கிறது என்று போனில் எடுத்துப் பார். சீமின் ஆட்டத்தைக் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும் என்றால் என்னுடையதை வந்து எடுத்துப் போ, மேட்டுத் தையல் கட்டைவிரல் பக்கம் வருகிற மாதிரி பிடி, பொட்டலுக்கு மட்டும் கொண்டுபோகாதே. சனிக்கிழமை ராத்திரிக்குள் திருப்பிக் கொடுத்துவிடு, ஞாயிறு காலையில் எனக்கு வேண்டும்.