54-ஆ, 56-ஆ: தவறான ஃபிரேம் அளவுடன் மூன்று ஆண்டுகள்

என் உயரம் 174 செ.மீ. ரோடு பைக் வாங்கச் சென்றபோது, அந்த மாடலின் அளவு அட்டவணையில் இந்த உயரம் 54, 56 ஆகிய இரண்டு ஃபிரேம் அளவுகளுக்கும் பொருந்துவதாக இருந்தது. ‘சந்தேகம் இருந்தால் சிறியதை எடுங்கள், வேண்டுமானால் ஹேண்டில்பாரைத் தாங்கும் துண்டான ஸ்டெம்மை நீளமாக மாற்றிக்கொள்ளலாம்’ என்று நான் கேட்டவர்கள் அனைவரும் சொன்னதால் 54 எடுத்தேன். மூன்று ஆண்டுகளில் ஏறத்தாழ 9,000 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு, அந்த அறிவுரை என் உடலுக்குப் பொருந்தவில்லை என்று சொல்ல முடிகிறது. தொடையிடுக்கிலிருந்து தரை வரை எனக்கு 84 செ.மீ.; இந்த உயரத்துக்குக் கால் நீளம், முதுகு குட்டை.

கால் நீளமானவருக்குச் சீட் உயரமாக நிற்க வேண்டும். ஃபிரேமும் சிறியதாக இருந்துவிட்டால் ஹேண்டில்பார் வெகுவாகத் தாழ்ந்துவிடும். என் சைக்கிளில் சீட்டைவிட ஹேண்டில்பார் 8 செ.மீ. தாழ்ந்திருந்தது. பந்தய வீரருக்கு இது பெரிதல்ல. திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் வரை சென்று திரும்பும் என் ஞாயிற்றுக்கிழமைச் சவாரியிலோ, முதல் ஒரு மணி நேரம் கடந்ததும் கழுத்து இறுகும். கோவளம் தாண்டுவதற்குள் சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப்போகும்.

கைக்கு எட்டவில்லை என்று நினைத்துச் சீட்டை 15 மி.மீ. முன்னால் தள்ளினேன். இந்த மூன்று ஆண்டுகளில் நான் செய்த பெரிய தவறு அதுதான். இடுப்பு முன்னே நகர்ந்ததும் உடலின் எடை கைகள்மீது சாய்ந்து, மரத்துப்போதல் கூடியதோடு முழங்காலின் முன்பக்கத்திலும் வலி தொடங்கியது. சீட்டைப் பழைய இடத்துக்கும் 5 மி.மீ. பின்னால் கொண்டுபோனபோது, எட்ட வேண்டிய தூரம் கூடியும் கைகள் இலகுவாயின. மிதித்துக்கொண்டிருக்கும்போதே இரு கைகளையும் பிடியிலிருந்து ஓர் அங்குலம் தூக்கிப் பார்த்தால் இது புரியும். உடல் உடனே முன்னால் விழுந்தால், சீட் அதிகமாக முன்னே இருக்க வாய்ப்புண்டு. இதைச் சைக்கிளை நிலையாகப் பிடித்துக்கொள்ளும் டிரெய்னரில் வைத்தே சோதிக்க வேண்டும், சாலையில் வேண்டாம்.

சீட்டின் உயரத்துக்குக் கால் அளவை 0.883 ஆல் பெருக்கும் பழைய சூத்திரத்தைப் பயன்படுத்தினேன், 74.2 செ.மீ. வந்தது. ஆனால் அந்தக் கணக்குக் கிராங்க்கின் (பெடலைத் தாங்கும் கையின்) நீளத்தையும் ஷூவின் அடித்தடிமனையும் பொருட்படுத்துவதில்லை. மிதிக்கும்போது இடுப்பு இருபுறமும் ஆடியதாலும், முழங்காலின் பின்பக்கம் இழுத்ததாலும், 2 மி.மீ. வீதம் இறக்கி 73.6-இல் நிறுத்தினேன். இந்த ஒரு மாற்றத்துக்குப் பிறகு கால்வலி இல்லை.

ஹேண்டில்பாரை உயர்த்துவதுதான் இழுபறியாக இருந்தது. சைக்கிளைப் பூட்டித் தந்த கடையில், பார்க்க அழகாக இருக்கும் என்று என்னைக் கேட்காமலேயே ஸ்டெம் பொருந்தும் ஸ்டீரர் குழாயை வெட்டி, ஸ்டெம்மை உயர்த்த அடியில் வைக்கும் வளையமான ஸ்பேசருக்கு 10 மி.மீ. மட்டும் இடம் விட்டிருந்தார்கள். வெட்டிய குழாயை ஒட்ட முடியாது. எனவே 100 மி.மீ. நீளமும் 6 பாகைச் சாய்வும் கொண்ட ஸ்டெம்மைத் தலைகீழாகத் திருப்பிப் பொருத்தினேன். ஹேண்டில்பார் ஏறத்தாழ 20 மி.மீ. உயர்ந்து, 6 மி.மீ. அருகே வந்தது. செலவே இல்லாத இந்த மாற்றம்தான் விரல்களைக் காப்பாற்றியது. அதைப் பார்த்துச் சிரித்தவர்களும் உண்டு.

ஃபிரேம் வாங்கும் முன்பே நான் செய்திருக்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. கிராங்க் அச்சின் மையத்திலிருந்து ஸ்டீரர் குழாய் நுழையும் ஹெட் டியூபின் மேல்முனை வரை செங்குத்தாக அளந்தால் ஸ்டாக், கிடையாக அளந்தால் ரீச். என் மாடலில் 54-க்கு ஸ்டாக் 555 மி.மீ., ரீச் 380 மி.மீ. 56-க்கு 575, 387. ரீச்சில் 7 மி.மீ. மட்டுமே வித்தியாசம் என்று தோன்றும். ஆனால் ஸ்டீரர் குழாய் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால், ஒவ்வொரு 10 மி.மீ. ஸ்பேசருக்கும் ஹேண்டில்பார் 3 மி.மீ. அளவு நம்மை நோக்கி வந்துவிடுகிறது. 54-இல் ஸ்பேசர் அடுக்கி 56-இன் உயரத்தை எட்டினால் அதன் ரீச் 374 ஆகக் குறையும். உண்மையான வித்தியாசம் 13 மி.மீ., அதாவது ஸ்டெம்மில் ஒரு படிக்குச் சற்றே கூடுதல். ஆகவே 56-ஐ 90 மி.மீ. ஸ்டெம்மோடு எடுத்திருந்தால், கைகள் இன்றிருக்கும் இடத்துக்கு மிக அருகிலேயே, ஸ்டெம்மைத் திருப்பாமலும் ஸ்பேசரைக் கோபுரமாக அடுக்காமலும் இருந்திருக்கும். கார்பன் ஸ்டீரரில் எவ்வளவு ஸ்பேசர் வைக்கலாம் என்பதற்குத் தயாரிப்பாளர் வரம்பு விதித்திருப்பார் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

மேல்குழாயின் நீளத்தை வைத்து அளவுகளை ஒப்பிடுவதும் ஏமாற்றும். சீட்டைத் தாங்கும் சீட் டியூபின் கோணம் ஒரு பாகை மாறினாலே, என் சீட் உயரத்தில் சீட் 12 மி.மீ. முன்னேயோ பின்னேயோ போய்விடும்.

இப்போதைய அமைப்பில் 200 கி.மீ. பிரவே (நேர வரம்புள்ள நெடுந்தூரச் சவாரி) ஒன்றை, 13.5 மணி நேர வரம்புக்குள், விரல் மரக்காமல் முடித்தேன். மெதுவாகத் திரும்பும்போது ஷூவின் நுனி முன்சக்கரத்தில் உரசுவது மட்டும் இன்றும் தொடர்கிறது. சிறிய ஃபிரேமின் இந்தக் குறைக்கு ஸ்டெம்மில் மருந்து இல்லை.

என்னுடன் ஓட்டும் நண்பருக்கும் உயரம் 174 செ.மீ.தான், ஆனால் கால் அளவு 79. அவர் என் சைக்கிளின் சீட்டை 4 செ.மீ. இறக்கி முட்டுக்காடு வரை போய்வந்து, இதே 54-ஐத் தாமும் வாங்கப்போவதாகச் சொன்னார். ஸ்டெம் மட்டும் 10 மி.மீ. நீளமாக வேண்டுமாம்.