திருகோணமலை உப்புவெளிக் கரையிலிருந்து திமிங்கிலம் பார்க்கும் போட் பயணம்: பேச்சில் வேட்டை எதற்கு?

போட் நல்லது. உயிர்காப்பு அங்கி எல்லோருக்கும் உண்டு, விடியற்காலை 6 மணிக்கே புறப்படுகிறார்கள், காற்று எழும்புவதற்குள் கரை திரும்பலாம். கோணேசர் கோயில் இருக்கும் சுவாமி மலைக்கு வெளியே ஆழ்கடல் பள்ளம் கிட்ட இருப்பதால் மார்ச், ஏப்ரலில் நீலத் திமிங்கிலம் தென்பட வாய்ப்பு அதிகம்.

குறை ஓட்டியின் வாயில் இருக்கிறது. “துரத்துவம்”, “மறிச்சுப் பிடிப்பம்”, “இன்னொண்டு மாட்டிச்சு”. சொல் அப்படியே சுக்கானுக்கும் போய்விடுகிறது. முன்னால் குறுக்கே மறித்தால் விலங்கு மூச்செடுப்பதை இடையில் விட்டு முங்கிவிடும். காசு கொடுத்தவர் முதுகை மட்டும் பார்ப்பார். செய்ய வேண்டியது: பக்கவாட்டில், அதன் வேகத்துக்கு இணையாக, 100 மீற்றர் தள்ளி ஓடுவது; வால் நிமிர்ந்ததும் எஞ்சினை நியூட்ரலில் போட்டு பத்து நிமிடமாவது காத்திருப்பது. கிட்டவே எழும்பவும் கூடும்.

இந்தச் சொற்களுக்குப் பின்னால் கொலைக் கணக்கு ஒன்று உண்டு. திமிங்கில வேட்டைக் கம்பெனிகள் கொன்றதை “அறுவடை” என்றன, உயிரோடிருந்ததை “கையிருப்பு” என்றன. “நீலத் திமிங்கில அலகு” என்று ஓர் அளவையும் வைத்திருந்தார்கள்: 1 நீலத் திமிங்கிலம் = 2 துடுப்புத் திமிங்கிலம் = 6 சேய் (sei என்ற இனம், குட்டி அல்ல) திமிங்கிலம். எண்ணெயை வைத்துப் போட்ட கணக்கு. எந்த இனம் அழிகிறது என்பது அதில் தெரியாது. நீலத் திமிங்கில வேட்டை 1966இல்தான் தடைசெய்யப்பட்டது.

“பாப்பம்”, “காத்திருப்பம்” என்று சொல்லும் ஓட்டியைக் கேட்டு வாங்குங்கள். ஏறுமுன் தூரத்தையும் பேசிக்கொள்ளுங்கள்.