இலைநிற அட்டை: யூரியா வீசமுதல் பார்க்கவேண்டியது

நெல் இலையின் பச்சையோடு ஒப்பிட்டு, பயிருக்கு நைதரசன் போதுமா என்று பார்க்க உதவும், நாலு பச்சைப் பட்டை போட்ட பிளாஸ்டிக் அட்டைதான். யூரியாவில் 46 வீதம் நைதரசன். கிளிநொச்சி இரணைமடுக் குளத்துக்குக் கீழே பயிர் எடுக்காத மிச்சம் கழிவு வாய்க்காலால் கனகராயன் ஆற்றுக்கும் சுண்டிக்குளம் கடனீரேரிக்கும் போய்ப் பாசியை வளர்க்கும். பாசி அழுகினால் ஒட்சிசன் குறைந்து மீன் சாகும்.

விதைத்து 21ஆம் நாளிலிருந்து 7–10 நாளுக்கொருமுறை 10 பயிரில், முழுதாய் விரிந்த உச்சி இலையின் நடுப்பகுதியை ஒப்பிடவேண்டும். உங்கள் உடம்பு நிழலில் பிடியுங்கள்; நேர்வெயிலில் நிறம் பிழைக்கும். நேரடி விதைப்பில் 6 இலையாவது 3 என்று இலக்கமிட்ட பட்டையைவிட வெளிறினால் மட்டும் யூரியா.

குறை: கந்தகக் குறைபாட்டு மஞ்சளையும் அட்டை நைதரசன் பஞ்சமென்றே காட்டும். பொசுபரசு பற்றி வாயே திறக்காது. காலபோக மழைக்கு முன் வீசி, வரம்பு வாயையும் திறந்துவிட்டால் எந்த அட்டையும் உதவாது.