எதைப் பார்ப்பது: இந்தியா கேட் வளைவா, தேசியப் போர் நினைவுச் சின்னமா?

இரண்டும் டெல்லியில் பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கின்றன. கட்டிய நோக்கம் வேறு. 1931-இல் திறக்கப்பட்ட, ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் லட்யன்ஸ் வடிவமைத்த 42 மீட்டர் வளைவான இந்தியா கேட், முதல் உலகப் போரிலும் மூன்றாம் ஆப்கன் போரிலும் ஆங்கிலேயருக்காகப் போரிட்டு மடிந்தவர்களுக்கானது. சுவரில் 13,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் உண்டு. ஆனால் மேலே வெட்டியவற்றைக் கீழே நின்று வாசிக்க முடியாது.

2019 பிப்ரவரி 25-இல் திறந்த புதிய சின்னம் இந்தக் குறையைத் தீர்த்தது. சுதந்திரத்துக்குப் பின் உயிர்நீத்தவர்களுக்கான இடம் இது. வடிவமைப்பு சென்னை நிறுவனத்துடையது என்பது நமக்கு ஒரு தனி மகிழ்ச்சி. சக்கர வியூகம் போல ஒரே மையத்தில் நான்கு வட்டங்கள்: நடுவே 15.5 மீட்டர் தூணும் அணையாச் சுடரும் கொண்ட அமர் சக்கரம். ஆறு வெண்கலப் புடைப்புச் சிற்பங்களுடன் வீரதா சக்கரம். அடுத்து தியாக் சக்கரம். வெளியே காவல் வீரர்களாக மரங்கள் நிற்கும் ரக்ஷக் சக்கரம்.

தியாக் சக்கரத்தில்தான் நேரம் போகும். ஆளுக்கொரு கிரானைட் கல், அதில் பெயரும் பதவியும் படைப்பிரிவும், கையால் தொடும் உயரத்தில். 25,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் என்பதால், வாசலிலேயே டிஜிட்டல் திரையில் இடத்தைத் தேடிக்கொள்வது நல்லது.

1972 முதல் வளைவின் கீழ் எரிந்த அமர் ஜவான் ஜோதியும் 2022 ஜனவரியில் இங்குள்ள சுடரோடு இணைக்கப்பட்டுவிட்டது. படம் எடுக்க வளைவு. பெயர் தேட இதுவே.