அம்பை வீட்டுக்கு ஐபிவி6: டன்னல் புரோக்கரா, வாடகை சர்வரா?

அம்பாசமுத்திரத்து வீட்டில் ஒரு கேமராவும், குடும்பப் படங்களைச் சேர்த்து வைக்க ஒரு சின்னக் கணினியும் இருக்கின்றன. பாளையங்கோட்டையில் இருந்தபடி இரண்டையும் நான் பார்க்க வேண்டும். அதற்குத்தான் ஐபிவி6 தேடினேன்; ஒவ்வொரு கருவிக்கும் தனிப் பொது முகவரி தரக்கூடிய புதிய இணைய முகவரி முறை அது. லைன் கொடுக்கும் கேபிள் அண்ணாச்சியிடம் கேட்டதற்கு, "நம்ம லைன்ல அது இன்னும் வரலியே தம்பி" என்றார்.

ரவுட்டரைத் திறந்து பார்த்தால் வெளி முகவரி 100.72 என்று தொடங்கியது. 100.64 முதல் 100.127 வரை எது இருந்தாலும் அது சிஜிநேட். அதாவது பல வீடுகள் ஒரே ஐபிவி4 (பழைய முறை) முகவரியைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. வெளியிலிருந்து நம் வீட்டுக் கதவைத் தட்ட வழி கிடையாது.

முதலில் பார்த்தது ஹரிகேன் எலக்ட்ரிக் நிறுவனத்தின் டன்னல் புரோக்கர்: ஐபிவி4 லைனுக்குள்ளேயே ஐபிவி6-ஐப் பொதிந்து அனுப்பும் பாதை (டன்னல்) தரும் சேவை. இலவசம், கேட்டால் /48 என்ற பெரிய முகவரித் தொகுதி கூடத் தருவார்கள் (சாய்கோட்டு எண் குறையக் குறையத் தொகுதி பெரிது). சொந்தமாகப் பொது ஐபிவி4 இருப்பவர்களுக்கு நல்ல தொடக்கம். ஆனால் அது புரோட்டோகால் 41-இல் ஓடுவது. அதில் போர்ட் எண் கிடையாது. எந்தப் பாக்கெட் எந்த வீட்டுக்கு என்று சிஜிநேட் பிரிப்பதே போர்ட் எண்ணை வைத்துத்தான் என்பதால், எங்கள் லைனில் அது நடக்காது. நெட்ஃப்ளிக்ஸும் 2016-லேயே அந்த முகவரிகளைத் தடுக்கத் தொடங்கிவிட்டது. வாடகை சர்வர் முகவரிக்கும் அந்தத் தொல்லை வரலாம்.

வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும் யூஎல்ஏ முகவரி கொடுத்து மறுமுனையில் நேட் (முகவரி மாற்றம்) போடும் வழியும் உண்டு. பெரும்பாலான கருவிகள் யூஎல்ஏவை விட்டுவிட்டு ஐபிவி4-ஐத்தான் முதலில் எடுக்கும். டன்னல் சும்மா கிடக்கும்.

நான் எடுத்தது இணையத்தில் ஒரு வாடகை சர்வரும், வீட்டிலிருந்து அதற்கு டன்னல் போடும் வயர்கார்டு மென்பொருளும். மாதம் சில நூறு ரூபாய் செலவுதான், ஆனாலும் இதன் பக்கம் சாய்ந்ததற்குக் காரணம் பராமரிப்பு. ஐப்பசி, கார்த்திகை மழையில் அங்கே கரண்ட் போய்ப் போய் வரும். ஒவ்வொரு முறையும் லைனுக்கு வேறு முகவரி. புரோக்கர் டன்னல் எங்கள் லைனில் ஓடியிருந்தாலும், புது முகவரியை அவர்களுக்குத் தெரிவிக்க ஒரு ஸ்கிரிப்ட் வேண்டும். அது நின்றுபோனால் அப்பாவிடம் போனில் சொல்லிச் சரிசெய்ய முடியாது. வயர்கார்டில் சாவி சரியாக இருந்தால் போதும், பாக்கெட் எந்த முகவரியிலிருந்து வந்தாலும் சர்வர் அதைக் குறித்துக்கொள்கிறது. 25 விநாடிக்கு ஒருமுறை கீப்அலைவ் (இணைப்பை உயிரோடு வைக்கும் சிறு பாக்கெட்) போகும்படி வைத்திருக்கிறேன். ரவுட்டர் எழுந்தால் டன்னலும் எழுந்துவிடும். வீட்டின் ஐபிவி6 முகவரி மட்டும் மாறுவதே இல்லை.

சர்வர் எடுக்கும் முன் ஒன்று கேளுங்கள்: சர்வரோடு வரும் /64 முகவரித் தொகுதி நம் சர்வருக்கு ரூட் செய்து (அதற்கு வருவதெல்லாம் நம் சர்வரிடமே வரும்படி) தரப்படுகிறதா? வெறும் இன்டர்ஃபேஸில் ஒட்டிய /64 என்றால் வீட்டு முகவரிகளுக்காகச் சர்வரே பதில் சொல்லும் என்டிபி பிராக்ஸி என்று ஒரு தலைவலி கூட வரும்.

முதல் வாரம் சில தளங்கள் பாதியிலேயே நின்றன. தலைப்பு வரும், படம் வராது. பழைய ஐபிவி4 பழக்கத்தில் சர்வரில் ஐசிஎம்பியை (நெட்வொர்க் பிழைச் செய்திகள் போகும் வழி) மொத்தமாக அடைத்திருந்தேன். வயர்கார்டில் போகக்கூடிய பாக்கெட்டின் அளவு வழக்கமாக 1420 பைட். வெளியே இருந்து வருவது 1500. 'பாக்கெட் பெரிது' என்று சொல்லி அனுப்பும் செய்தியே ஐசிஎம்பிவி6-இல்தான் போகிறது. அதைத் திறந்துவிட்டு, டிசிபியின் எம்எஸ்எஸ்ஸையும் (ஒரு பாக்கெட்டில் ஏற்றும் தரவின் உச்ச அளவு) குறைத்து வைத்ததும் சரியாகிவிட்டது.

வயர்கார்டு போன்ற இன்னொரு மென்பொருளான ஓபன்விபிஎன்னில் நான் இருந்தது சில நாள்தான், அதனால் அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். உங்கள் லைனிலேயே நிலையான /56 கிடைத்தால் டன்னலே வேண்டாம். வேகத்தில் அதற்கு ஈடில்லை.

அப்புறம், ஐபிவி6 வந்தால் வீட்டுக் கேமராவும் உலகத்துக்குத் தெரியும். ரவுட்டரில் உள்ளே வருவதை எல்லாம் அடைத்துவிட்டு, படங்கள் இருக்கும் கணினியின் ஒரே ஒரு போர்ட்டை மட்டும் திறந்திருக்கிறேன். கேமராவை அந்தக் கணினி வழியாகத்தான் பார்க்கிறேன்.