ஊரடங்கில் வீடியோ வழியாக ஒரு குடும்ப வழக்கறிஞர்: 5க்கு 3.5

2020இல் எல்லாம் பூட்டிக் கிடந்தபோது நான் அமர்த்திக்கொண்ட ஒரு குடும்பச் சட்ட அலுவலகத்தைப் பற்றிய விமர்சனம் இது. பெயரைப் போடவில்லை, விவகாரம் என்னுடையது மட்டும் இல்லை, குழந்தையுடையதும்தான். முதல் பேச்சிலிருந்து கடைசிக் கையெழுத்து வரை அந்த வழக்கறிஞரை நான் நேரில் பார்த்ததே கிடையாது. பிரிவு ஒப்பந்தம், குழந்தை யாரிடம் எப்போது இருப்பது, ஜீவனாம்சம் என எல்லாமே போனிலும் வீடியோவிலும்தான் முடிந்தது. 5க்கு 3.5 கொடுக்கிறேன், அதில் பாதிக்கு மேல் முதல் போன் அழைப்புக்கே போய்விடுகிறது.

எடுத்தவுடன் அந்த அம்மா கேட்டது சட்டக் கேள்வி இல்லை. "பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா? ஆமாம், இல்லை என்று மட்டும் சொன்னால் போதும்" என்றார். நானும் கணவரும் அப்போது ஒரே வீட்டில்தான் இருந்தோம், ஊரடங்கில் வேறு எங்கே போவது? ஆமாம் என்றேன். எப்போது கூப்பிடலாம், நடுவில் யாராவது வந்துவிட்டால் என்ன சொல்லி வைப்பது, எந்த நம்பருக்கு மெசேஜ் போடவே கூடாது என்பதையெல்லாம் நான் ஆமாம், இல்லை தவிர வேறு எதுவும் சொல்லாமலே கேட்டு முடித்துவிட்டார். அதற்கு முன் நான் விசாரித்த இன்னொரு அலுவலகம், "கணவருடன் உள்ள பிரச்சினையை விரிவாக எழுதவும்" என்று ஒரு படிவத்தை அனுப்பியிருந்தது, அதுவும் வீட்டில் எல்லோரும் திறந்து பார்க்கிற மெயிலுக்கு!

அந்த வருடம் ஏப்ரலில்தான் ஐ.நா. பொதுச்செயலாளர் குட்டெரெஸ், வீடுகளுக்குள் நடக்கும் வன்முறை கூடிவிட்டது என்று எல்லா அரசுகளையும் எச்சரித்தார். கனடாவில் ஒரு பெண்கள் அறக்கட்டளை, வீடியோ காலில் வாய் திறக்காமலே உதவி கேட்க ஒரு சைகையை அறிமுகப்படுத்தியதும் அதே மாதம்: உள்ளங்கையைக் கேமராவுக்குக் காட்டி, கட்டைவிரலை உள்ளே மடக்கி, மற்ற விரல்களை அதன் மேல் மூட வேண்டும். என் நிலைமை அந்த அளவுக்கு இல்லை. ஆனாலும் தூரத்திலிருந்து குடும்ப வழக்கு நடத்துகிறேன் என்று சொல்லும் ஒருவர் இதை முதலில் யோசிக்கவில்லை என்றால், அவர் எவ்வளவு பெரிய வழக்கறிஞராக இருந்தாலும் நான் போக மாட்டேன்.

அடுத்து அவர் சொன்னது புது மெயில், புது பாஸ்வேர்டு. வீட்டு டேப்லெட்டில் அதைத் திறக்கவே கூடாது. போனில் எடுக்கும் படங்கள் தானாகக் குடும்ப ஆல்பத்தில் ஏறுகிறதா என்று பார்க்கவும் சொன்னார். ஏறிக்கொண்டுதான் இருந்தது. வங்கிக் கணக்கு விவரங்களைப் படமெடுக்கும் முன்பே அது தெரிந்தது நல்லதாகப் போயிற்று. ஆவணங்களை ஏற்றும் அவர்களுடைய இணையப் பக்கம்தான் கொடுமை. கோப்பு கொஞ்சம் பெரிதாக இருந்தால் எந்தக் காரணமும் சொல்லாமல் திருப்பிவிடும்.

சமரசப் பேச்சு நேரில் நடந்திருந்தால் இவ்வளவு நன்றாக நடந்திருக்குமா என்பது சந்தேகம்தான். சமரசம் செய்பவர் எங்கள் இருவரையும் திரையில் தனித்தனி அறைகளில் போட்டுவிட்டு மாறி மாறி வந்து பேசினார். கணவர் வீட்டுக்குள், நான் வாசலில் நிறுத்திய காருக்குள், இரண்டு பேருக்கும் ஒரே வைஃபை. முகத்தைப் பார்த்தாலே மூளும் சண்டை, முகம் தெரியாததால் மூளவே இல்லை. கோபம் வந்தால் கேமராவை அணைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கலாம்.

குழந்தை விஷயத்தில் அந்த வழக்கறிஞர் எழுதித் தந்த வரைவு மிக நன்றாக இருந்தது. பழைய மாதிரி ஒப்பந்தங்களில் வார இறுதி, பள்ளி விடுமுறை என்று இருக்கும். பள்ளியே இல்லாதபோது அதை வைத்து என்ன செய்வது? இவர் வேறு கேள்விகள் கேட்டார். ஒரு வீட்டில் தொற்று வந்தால் குழந்தை எங்கே இருக்கும், விட்டுப்போன நாட்களை எப்படி ஈடுகட்டுவது, வீடியோ கால் எத்தனை மணிக்கு, அப்போது மற்றவர் அறையில் நிற்கலாமா கூடாதா, பரிசோதனை செய்வதா என்று யார் முடிவெடுப்பது. எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு வரி எழுதினார். கணவருக்குச் சம்பளம் குறைந்தபோது ஜீவனாம்சத்தைத் தானாகக் குறைத்துக்கொள்ளப் பார்த்தார். இருக்கும் உத்தரவு மாறும் வரை அதுதான் கணக்கு, குறைக்க வேண்டுமானால் மாற்றக் கேட்டு மனு போட வேண்டும் என்று எங்கள் தரப்பிலிருந்து ஒரு மெயில் போனது, அதோடு அது நின்றது.

கையெழுத்துப் பக்கம் கொஞ்சம் இழுபறி. ஒப்பந்தத்துக்கு மின் கையெழுத்து போதும் என்றார்கள், பிரமாணப் பத்திரத்துக்கு அது நடக்கவில்லை. திரையில் பார்த்தபடி சத்தியம் செய்வதைச் சில நாடுகளில் பெருந்தொற்றுக்காக அனுமதித்தார்கள், எல்லா இடத்திலும் இல்லை. எனவே உங்கள் நீதிமன்றம் எதை ஏற்கும் என்பதை முதல் நாளே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி குறைகள். நீதிமன்ற விசாரணைக்கான இணைப்பை முந்தின நாள் இரவுதான் அனுப்பினார்கள், தூக்கமே இல்லை. விசாரணையில் எதிர்த்தரப்பு ஒரு தவறான தேதியைச் சொன்னது. நேரில் என்றால் வக்கீலின் கையைத் தட்டிக் காதில் சொல்லியிருப்பேன். இங்கே மெசேஜ்தான் போட முடிந்தது, அவர் அதைப் பார்ப்பதற்குள் பேச்சு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டது. இதற்கென்று தனியாக ஒரு வழி வைத்துக்கொள்ளலாம் என்று அவராக முன்பே சொல்லியிருக்க வேண்டும். (2021 பிப்ரவரியில் டெக்சாஸில் ஒரு வழக்கறிஞர் வீடியோ விசாரணையில் முகத்தைப் பூனையாகக் காட்டும் ஃபில்டரை அணைக்கத் தெரியாமல் பூனை முகத்தோடே நீதிபதி முன் வந்து நின்றார் இல்லையா, அந்த அளவுக்கு எங்களுக்கு எதுவும் ஆகவில்லை.)

அப்புறம் பில். மணிக்கணக்கில் கட்டணம், சரி. ஆனால் இணைப்பு அறுந்து, திரும்பச் சேர்ந்து, "கேட்கிறதா, கேட்கிறதா" என்று கத்திக்கொண்டிருந்த நேரமும் அதில் இருந்தது. கேட்டதற்குக் கழித்தார்கள், ஆனால் கேட்ட பிறகுதான்.

இரண்டு பேரும் பேசத் தயாராக இருந்து, தாள் வேலையும் சமரசமும்தான் பாக்கி என்றால் தயங்காமல் இப்படிப் போகலாம். சொத்தை மறைக்கிறார், சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும் என்ற நிலை என்றால் விசாரணையை நேரில் நடத்த முடியுமா என்று முதலில் கேளுங்கள். அடிக்கு பயந்து இருப்பவர்கள் வழக்கறிஞருக்கு முன் அவசர உதவி எண்ணைக் கூப்பிடுங்கள், ஒப்பந்தத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.